மூன்று படி நாணல்

"அது களை இல்ல, நாணல்! எட்டு மாசமா வளர்த்த நாணல்!"

"மேடம், ஆத்துல முளைச்சதையெல்லாம் வாரச் சொல்லித்தான் ஆர்டர்..."

"ஆர்டர் வந்தா கண்ணை மூடிக்கிட்டு வாரிடுவீங்களா?"

"திறந்து பார்த்தாலும் புல்லு புல்லாத்தான் தெரியும்!"

"கத்தாதீங்க!"

"கத்துறது நானா?"

இருவரும்தான் கத்தினார்கள். அவள் கட்டடங்களை வடிவமைப்பவள். அவன் நகராட்சியின் களை வாரும் படகை ஓட்டுபவன். அரை மணி நேரத்துக்கு முன்னால்வரை ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

அந்தக் கரையில் அவள் ஒரு படிக்கட்டு மண்டபம் கட்டியிருந்தாள். நாலு தெருச் சாக்கடை மேல்படியில் வந்து விழும். படிக்குப் படி ஜல்லி, அதன் மேல் நாணல். வேர்களுக்குள் புகுந்து புகுந்து இறங்கும் தண்ணீர், கீழே வரும்போது நாற்றம் போயிருக்கும். மோட்டார் வேண்டாம், மருந்தும் வேண்டாம். பன்னிரண்டு நாளில் பரிசோதனை. தோற்றால் ஆற்றின் மேல் கான்கிரீட் போட்டு மூடி, கார் நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்கள்.

இவன் வந்து கீழ் மூன்று படிகளையும் மொட்டையடித்துவிட்டான்.

"ஒரு போர்டு வெச்சிருந்தா தொட்டிருப்பேனா?" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. கொத்தனார் கேட்டபோது, 'போர்டு வெச்சா மண்டபத்தோட அழகே போயிடும்' என்று மறுத்தவள் அவள்தான். அதனால் கோபம் இரண்டு மடங்காயிற்று. போதாததற்கு அவன் கண்கள்... இத்தனை அழுக்கு ஆற்றின் நடுவே நின்றுகொண்டு, இவ்வளவு தெளிவான கண்களை வைத்துக்கொள்ள இவனுக்கு யார் உரிமை கொடுத்தது?

அன்றே புகார் எழுதினாள். போர்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

மறுநாள் மழை. குடையோடு ஓடி வந்தவள் அப்படியே நின்றாள். முழங்கால் ஆழத்தில் குனிந்து நாணல் நட்டுக்கொண்டிருந்தான் அவன். பிடுங்கிய வேர்களையெல்லாம் ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தான்.

"டியூட்டி இல்லையா?"

"சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. எந்தப் புண்ணியவானோ புகார் எழுதியிருக்கான்."

புண்ணியவதி குடையை முகத்துக்கு நேராகத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாத்தை இவ்வளவு நெருக்கமா நடக் கூடாது" என்றாள் எரிச்சலாக.

"அப்ப நீங்களே இறங்கி நட்டுக் காட்டுங்க."

இறங்கினாள். ஒன்பது நாள்... ஒன்பது நாளும் சண்டை. வேரை எவ்வளவு ஆழம் புதைப்பது என்று சண்டை. ஜல்லியை யார் மிதித்தது என்று சண்டை. "உங்களைக் கட்டிக்கப் போறவன் காதுல பஞ்சு வெச்சுக்கணும்" என்றான் ஒரு நாள். "உங்களைக் கட்டிக்கப் போறவ கையில கம்பு வெச்சுக்கணும்" என்றாள். நனைந்த இமைகளோடு அவன் சிரித்தான்... அவள் நட வேண்டிய நாற்று கைநழுவியது.

பத்தாம் நாள் விசாரணைக்குப் போனவன், கையில் ஒரு நகலோடு வந்தான்.

"கையெழுத்து உங்களோடதுதானே?"

"அது... வந்து..."

"புகார் எழுதினது தப்பில்ல மேடம். நான் வாரினது நிஜம். போர்டு வைக்கலன்னு ஒரு வரி எழுதக் கை வரலையா? ஒன்பது நாள் பக்கத்துலயே நின்னீங்களே... அப்பகூட வாய் வரலையா?"

அவன் கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை அவளுக்கு.

நேரே நகராட்சிக்குப் போய், நடந்ததை முழுசாக எழுதிக் கொடுத்தாள். "நாளன்னைக்குப் பரிசோதனை. இப்ப வந்து உங்க தப்புன்னு எழுதறீங்க... உங்க படிக்கட்டை நாங்க எப்படிம்மா நம்பறது?" என்று அதிகாரி எல்லார் எதிரிலும் காய்ச்சினார். நின்று வாங்கிக்கொண்டாள்.

பரிசோதனையில் தண்ணீர் தேறவில்லை. ஆனால் வேர் பிடித்திருப்பதைப் பார்த்து, மூடும் உத்தரவை ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள்.

அன்று மாலை, சீருடையில் வந்து நின்றான் அவன்.

"வேலை திரும்பக் கிடைச்சிடுச்சு. உங்க லெட்டராலதான்."

"சந்தோஷம்."

"நாளையிலேர்ந்து ஆத்தோட அந்தக் கோடியில டியூட்டி. இங்க வர முடியாது."

"போங்களேன். யார் பிடிச்சு வெச்சிருக்காங்க?"

"இன்னும் கோபமா? நடுறதுதான் முடிஞ்சுபோச்சே மேடம்... இனிமே சண்டை போட என்ன இருக்கு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த மண்வெட்டியைப் படியில் ஓங்கிப் போட்டாள். கண்ணில் நீர் முட்டியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"சண்டை தீர்ந்துபோனா நீங்க வராம இருந்துடுவீங்களேன்னுதான்யா தினமும் புதுசு புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சேன்... இதைக்கூட நானே வாய்விட்டுச் சொல்லணுமா?"