ரத்தம் படாத கோடு

டெலிபோன் அலறிக்கொண்டே இருந்தது...

யாரும் எடுக்கவில்லை.

எடுக்க வேண்டியவர் வேலை மேஜையில் தலை கவிழ்ந்து கிடந்தார். பழைய கடிகார வியாபாரி. பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டறைக்கல். முகத்துக்கு முன்னால், பின்மூடி திறந்தபடி ஒரு பாக்கெட் வாட்ச்.

ஆள் போய்விட்டார். வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது!

அவர் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். புருஷனைத் தூக்கிப் பார்த்ததில் கையெல்லாம் ரத்தம். முந்தின நாள் நடந்த சண்டையைப் பக்கத்து வீட்டுக்காரி ஒன்றுக்கு இரண்டாக இன்ஸ்பெக்டரிடம் ஒப்பித்துவிட்டாள்.

விலங்கு மாட்டாத குறைதான்.

வாட்ச் அவளுடைய அப்பாவினுடையது. அதை உறுதிப்படுத்த இன்ஸ்பெக்டர் அவள் தம்பியை வரவழைத்திருந்தார். கடையில் ரிப்பேர் வேலையெல்லாம் அவன்தான்.

தம்பி கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தான். அக்கா பக்கம் திரும்பவே இல்லை. டயல் ஒரிஜினல், முள் ஒரிஜினல், உள்தகடுகளில் ஒரே நம்பர் என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"ரெகுலேட்டர் மட்டும் வேற சார்."

"அப்படின்னா?"

"வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஊசி. அப்பா வாட்ச்ல அதைப் பிடிச்சுக்க வளைஞ்ச ஸ்பிரிங் ஒண்ணு இருக்கும். இதோ, அதோட ஸ்குரு ஓட்டை காலியா இருக்கு. மாமா கழட்டி வேற வாட்ச்ல போட்டு வித்துட்டாரு."

அப்பா அவளுக்கென்று விட்டுப் போனது அது ஒன்றுதான். அதிலும் கை வைத்திருக்கிறான், பாவி!

இன்ஸ்பெக்டருக்குப் பரம திருப்தி. மாமனார் வாட்சைச் சூறையாடிய புருஷன், ஆத்திரப்பட்ட மனைவி... காரணம் கிடைத்துவிட்டது. பெண் போலீசைக் கூப்பிட்டார்.

தம்பியின் முகம் வெளுத்தது. உதவ வந்தவன் அக்கா கழுத்துக்கே சுருக்குப் போட்டுவிட்டான்.

அவள் எழுந்தாள். யாரோடு மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது? இந்த மனுஷனோடு குப்பை கொட்டியதைவிட ஜெயில் ஒன்றும் மோசமாக இருந்துவிடாது.

"சார்... இதையும் பாருங்க."

தம்பி லென்ஸை இன்ஸ்பெக்டர் கையில் திணித்தான். ஊசிக்குக் கீழே கோடுகள் போட்ட தகடு. அதில் ரத்தம் தெறித்துக் காய்ந்திருந்தது. ஒரே ஒரு கோட்டின் மேல் மட்டும், ஊசி அகலத்துக்கு, பளிச்சென்று சுத்தம்.

"ரத்தம் தெறிச்சப்ப ஊசி அங்க இருந்திருக்கு. இப்ப மெதுவாக்குற பக்கம் தள்ளி, ரத்தத்து மேல நிக்குது. ஸ்பிரிங் இல்லாட்டியும் இறுக்கமாத்தான் இருக்கும், தானா நகராது சார். நகத்தால தள்ளணும்."

"அதனால?"

"கொன்னவன், வாட்ச் வேகமா ஓடுறதைக் கேட்டுட்டு மெதுவாக்கி வெச்சிருக்கான். அக்காவுக்கு இதுக்குச் சாவி கொடுக்கக்கூடத் தெரியாது."

"வேற யாருக்குத் தெரியும்?"

தம்பி வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் தம்பியைப் பார்த்தாள். சாப்பிட உட்கார்ந்தால்கூட அடுத்தவர் கைக்கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறவன்... இந்த வீட்டில் ரெகுலேட்டரைத் தொடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேஜையில் கிடக்கிறார்.

"டேய்..." என்றாள்.

"ஏன் கழட்டினீங்கன்னு கேட்டேன்க்கா. செத்துப்போனவனுக்கு எதுக்கு டைம்னு சிரிச்சாரு. கல்லு கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு."

பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊசியை எதற்குத் தொட்டான் என்று இன்ஸ்பெக்டருக்குப் புரியவே இல்லை.

"அப்பா வாட்ச் சார். தப்பா ஓடிட்டிருந்துச்சு."

தம்பி கையில் விலங்கு விழுந்தது. அவள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். புருஷனுக்காக இல்லை.

"அழாதீங்கம்மா. உங்க மேல இனிமே சந்தேகம் இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஒரு வாட்ச் வாங்கணும்னா பின்மூடியைத் திறந்து, உள்ளே இருக்கறதெல்லாம் ஒரிஜினலான்னு நாலு தடவை பாக்கற மனுஷன் சார் எங்கப்பா... மாப்பிள்ளையை மட்டும் டயலைப் பாத்தே முடிச்சிட்டாரு!"