ஐந்தாவது சீட்டு

2008, அக்டோபர் 14. காலை 7.40.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஓர் அகராதி அலுவலகம். பேராசிரியர் பிராண்ட் மண்டை உடைந்து இறந்து கிடந்தார். முதலில் கண்டவன் அவருடைய ஆய்வு மாணவன் ராகவ். பதற்றத்தில், பக்கத்தில் கிடந்த வெண்கலச் சிலையைக் கையில் எடுத்துத் தொலைத்தான். விரலடையாளம் ஒன்று போதாதா? பதினொரு மணிக்குக் காவல் நிலையத்தில் இருந்தான்.

ஜெர்மன் தெரிந்தவன்தான். ஆனால் அன்று வாய் குழறித் தமிழ்தான் வந்தது. அதனால் அந்த ஊரில் வாழும் ஈழத்துப் பெண் கொறற்றியை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக வந்திறங்கிய வருடம் அவளும் இப்படியொரு காவல் நிலைய நாற்காலியில் உட்கார்ந்து பதில் தேடியவள்.

"கடைசியாக அவரை எப்போது பார்த்தீர்கள்?" என்று ஆய்வாளர் கிராமர் கேட்டதைக் கொறற்றி தமிழில் சொன்னாள்.

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேடம். 'ஆங்கிலோ-சாக்சன்'ங்கிற சொல்லுக்குப் புதுசா சீட்டு எழுதினோம். அர்த்தத்துக்கு ஒண்ணு. கடல் தாண்டி இங்கிலாந்து போன பழைய ஜனங்க. அவங்க மொழி. அமெரிக்க வெள்ளைக்காரங்க. அப்புறம், இப்ப பேப்பர்ல திட்டுறாங்களே, லண்டன், நியூயார்க் பேங்க் ஸ்டைல். பழசுதான் முதல்ல, அது சாரோட ரூல்."

"அவ்வளவுதானா?"

"அஞ்சாவதா ஒண்ணு. 'உயர்ந்த இரத்தம்'னு பதிப்பக எடிட்டர் ஃபால்க் எழுதி அனுப்பினது. சார் கொதிச்சுட்டார். காலைல பதிப்பகத்துல சொல்லி அந்தாளை வேலையை விட்டே தூக்கறேன்னு அவர்கிட்டயே போன்ல கத்தினார்."

கொறற்றி மேசையில் இருந்த, கொலை நடந்த அறையின் புகைப்படத்தை உற்றுப் பார்த்தாள். அதில் தெரிந்த சீட்டுப் பெட்டியில் நான்கே சீட்டு. முதலில் வங்கி. கடைசியில் கடல் தாண்டியவர்கள்.

"தம்பி, நீர் அடுக்கினது இப்பிடியோ?"

"இல்ல மேடம்! தலைகீழா இருக்கு."

சாட்சி சொல்ல வந்திருந்த ஃபால்க் வெளியே காத்திருந்தார். இரண்டு வாரமாக அகராதி அலுவலகப் பக்கமே போகவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். கொறற்றி கிராமரின் காதில் ஏதோ சொன்னாள். கிராமர் நான்கு தாளில் நான்கு அர்த்தத்தையும் எழுதி, ஃபால்கை உள்ளே அழைத்து, அடுக்கச் சொன்னார்.

ஃபால்க் யோசிக்கவே இல்லை. வங்கி முதலில் போனது.

"இன்றைய வழக்குதான் முதலில். எங்கள் பதிப்பக முறை," என்றார் பெருமையாக.

"கொன்றவர் இவர்தான்," என்றாள் கொறற்றி. "அடிதடியில் பெட்டி கவிழ்ந்தது. ஐந்தாவது சீட்டை எடுத்துக்கொண்டார். மற்றவற்றைப் பொறுக்கி, பழக்கதோஷத்தில் தன் முறையில் அடுக்கிவிட்டார். அவை நேற்று மாலை எழுதியவை. இரண்டு வாரமாக அங்கே போகாதவரின் விரலடையாளம் அவற்றில் இருக்கிறதா, பாருங்கள்."

ஃபால்க் வெளிறிப் போனார். "எங்கள் சொல்லைப் பற்றி அகதிகளுக்கு என்ன தெரியும்!" என்று கத்தினார். அவரைக் கூட்டிப் போனார்கள்.

ராகவ் விம்மினான். "சார் அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடச் சொன்னார் மேடம். ப்ரூஃபா இருக்கட்டும்னு நான்தான் பெட்டில வச்சேன், போன்ல அந்தாளு காதுல விழற மாதிரி சொல்லவும் செஞ்சேன். இல்லேன்னா அந்தாளு அதைத் தேடி வந்தே இருக்கமாட்டான்."

கிராமர் நிமிர்ந்தார். "என்ன சொல்கிறான்?"

கொறற்றி அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.