பாலத்து ஆள்

அம்ப்ரோஸ் வேல்ஸ் நாட்டு மலைக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

லண்டன் வீட்டு மாடியில் அவன் மனைவி ஹெஸ்டர், அவன் பாதியில் விட்டுப்போன அச்சுப் படத்துக்கான செம்புத் தகட்டைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். பாறை, அருவி, நடுவே ஒரு பழைய கல்பாலம். மலையின் உயரம் தெரியவேண்டுமென்றால் பாலத்தில் ஒரு குட்டி மனிதன் நிற்கவேண்டும். அவனைக் கடைசியில்தான் வெட்டுவார்கள்.

"அவனை நான் வந்து வெட்டுறேன் ஹெஸ்டர். அதுவரைக்கும் பாலம் காலியா கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் அம்ப்ரோஸ் அந்தப் பாலத்தை நேரில் பார்க்கக் கிளம்பியிருந்தான்.

அச்சுக்காரர் சைலஸ் தகட்டையும் அதில் அடித்த முதல் பிரதியையும் கொண்டுவந்தார். பனிமூட்டமும் அவரோடு உள்ளே வந்தது.

"ஆள் வெட்டுறதுல ஐயாவையே மிஞ்சிட்டீங்கம்மா. இனி அவர் பாத்திரம் கழுவத்தான் லாயக்கு."

"ஆளா? நான் ஆளே வெட்டலையே."

பாலத்தில் ஒருவன் முதுகு காட்டி நின்றான். கையில் தடி. உயரம் ஒரு பார்லி மணி அளவு.

பூதக்கண்ணாடியை எடுத்துத் தகட்டைப் பார்த்தாள். அங்கேயும் நின்றான். இடக்கையில் தடி.

தகட்டில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் விழும். பாறை மாறி விழுந்திருந்தது. அருவியும் மாறியிருந்தது.

தடி மாறவில்லை. தாளிலும் இடக்கை.

அம்ப்ரோஸ் இடக்கைக்காரன்.

சைலஸ் போனதும் அவள் அவனைச் சுரண்டினாள். தகட்டைக் கவிழ்த்துப் பின்புறம் சுத்தியலால் தட்டிப் பள்ளத்தை மேலே எழுப்பினாள். வழவழப்பாகும்வரை தேய்த்தாள். பாலம் காலியானது.

"அவர் வந்துதான் வெட்டணும்" என்று செம்பிடம் சொல்லி, தகட்டை மறுபடி அச்சுக்கூடத்துக்கு அனுப்பினாள்.

மறுநாள் சாயங்காலம் சைலஸ் இரண்டாம் பிரதியோடு வந்தார். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். கேலி எதுவும் இல்லை.

"என்ன சைலஸ், நாக்கை அச்சுக்கூடத்துலயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

சைலஸ் தாளை நீட்டினார்.

தாள் சொட்டியது. அச்சுத்தாளை நனைப்பது வழக்கம்தான்.

ஆனால் அதில் ஆற்றுச் சேறு வாடை அடித்தது.

பாலத்தில் அவன் நின்றான். இந்தமுறை முகம் தெரிந்தது.

"திரும்பிட்டாரு! பாருங்க சைலஸ், வீட்டுக்குக் கிளம்பிட்டாரு!"

"அம்மா, காலையில சேதி வந்ததும், தகடு முடியறவரைக்கும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு அச்சுக்கூட முதலாளி..."

கீழே ஒரு சத்தம்.

டக்.

படியில் தடி ஊன்றும் சத்தம். அதன்பின் ஈரச் செருப்பு.

டக்.

ஹெஸ்டரின் முகம் மலர்ந்தது. கதவை நோக்கி ஓடினாள். சைலஸ் குறுக்கே பாய்ந்து தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க! அவர்தான்!"

டக்.

கதவின் அடியில் தண்ணீர் கசிந்து வந்தது.

"திறக்காதீங்கம்மா" என்றார் சைலஸ். "அந்தப் பாலத்தை வெள்ளம் அடிச்சிக்கிட்டுப் போயி ஒரு வாரமாச்சு. ஐயா அதுமேலதான் நின்னுக்கிட்டிருந்தாரு."