இடையரின் ஈரல்

அனார்குல் நிறம் திருத்தும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே திரையில் நிறம் மாறிவிட்டது.

மலையூரான நாரினின் மருத்துவமனையில் நோயாளிகளின் திசுக்களுக்குச் சாயமேற்றி, ஸ்கேன் செய்து, தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் டாக்டர் தோக்தோசுனுக்கு அனுப்புவது அவள் வேலை. பழைய ஸ்கேனர் எல்லாவற்றிலும் நீலத்தைப் பூசியது, புதியது மஞ்சளை. நிறம் பிசகினால் நோயைக் கண்டுபிடிப்பதும் பிசகிவிடும். அதனால், இறந்துபோன ஓர் இடையரின் ஈரல் மிக அழகாகச் சாயம் பிடித்திருக்கக் கண்டு, மற்றப் படங்களும் அதே நிறத்துக்கு வரும்படி கணினியில் அமைத்திருந்தாள்.

உடன் வேலை பார்த்தவள் ரஷ்யாவுக்குப் போனபிறகு அறையில் பேச்சுக்குரலே இல்லை. கரிப்புகையின் மணமும், திசுக்களைத் தெளிவாக்கும் சைலீன் திரவத்தின் நெடியும், சுவருக்குள் வெந்நீர்க் குழாய்கள் யாரோ புரண்டு படுப்பதுபோல் முனகுவதும்தான் அவளுக்குத் துணை.

தொலைபேசி அடித்தது. தோக்தோசுன்.

"அக்கா, இப்பத்தான் நிறம் அச்சுல வார்த்த மாதிரி வந்திருக்கு."

"அப்பாடா! இனிமே திட்ட மாட்டீங்களே?"

"திட்டத்தான் கூப்பிட்டேன். ஒரே ஆளோட ஈரலை எதுக்கு இத்தனை தடவை அனுப்பியிருக்கீங்க? குளிருக்கு வோட்கா கொஞ்சம் கூடிப்போச்சா? ஐசாதாவோட மார்புக் கட்டி எங்க? நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஆபரேஷன்."

"அதைத்தானே முதல்ல அனுப்பினேன்..."

ஐசாதாவின் படத்தைத் திறந்தாள். ஈரல். ஒரு குழந்தையின் கழுத்துக் கட்டியைத் திறந்தாள். அதே ஈரல், நடுவில் அதே வளைந்த ரத்தக்குழாய். நிறத்திருத்தத்தை நிறுத்தினாள். மாறவில்லை. கணினிக் கோளாறாகத்தான் இருக்கும் என்று ஐசாதாவின் கண்ணாடி ஸ்லைடையே எடுத்து, பழைய மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள்.

ஈரல்.

அடுத்தது. ஈரல். அடுத்த பெட்டி. ஈரல்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

தொலைபேசியை மேசையில் வைத்தாள். ஊசியால் விரலைக் குத்தினாள். ஒரு சொட்டு ரத்தம். கண்ணாடியில் தேய்த்தாள். சாயம் விட்டாள். கழுவினாள். உலரும்வரை நின்றாள்.

குனிந்து பார்த்தாள்.

ரத்த அணுக்கள் இல்லை. வரிசை வரிசையாக இடையரின் ஈரல் செல்கள். நடுவில் அந்தக் குழாய். அது சுருங்கியது. விரிந்தது. அவசரமில்லாமல், மிக மெதுவாக.

தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். படபடத்துக்கொண்டிருந்த நாடி, கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குழாயின் வேகத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.