தவறிய ஊசித் தேதி

"வாயைத் திறந்து சொல்லேன்டி! ஊசி போட்டுக்கிட்டியா, இல்லையா?"

கொல்லையில் வாந்தியெடுத்துவிட்டு வந்த தவோங்கா, மாமியார் நியாலுங்குவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள். முதுகில் துணியால் கட்டியிருந்த பத்து மாதக் குழந்தை சிணுங்கியது.

"இவன் பிறந்தப்போ ரத்தம் நிக்காம சாகக் கிடந்தியே, மறந்துட்டியா? ரெண்டு வருஷம் கருத்தடை ஊசி போடட்டும்னு என் பிள்ளைகிட்ட சண்டை போட்டது யாரு? நான்தானே! 'சரிம்மா'ன்னு வாக்குக் குடுத்துட்டு..."

"ஏமாத்தலம்மா..."

"அப்போ ஊசியில தண்ணியா இருந்துச்சு? வா, கேட்டுடுவோம். பொய்யின்னு தெரிஞ்சா இன்னிக்கே உன்னை உன் அப்பா வீட்டுல விட்டுடுவேன்!"

கொடுத்த வாக்கு அந்தக் குடும்பத்தில் விளையாட்டு விஷயமில்லை. நியாலுங்கு தடியை ஊன்றி முன்னே நடந்தாள். தவோங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

கிளினிக் பெஞ்சில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"சிஸ்டர்! கெட்டுப்போனது உங்க மருந்தா, என் மருமக வாக்கா? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க!"

நர்ஸ் மாசெக்கோ, ஊசித் தேதிகள் குறித்திருந்த தவோங்காவின் மருத்துவப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"மூணு மாசத்துக்கு ஒருதரம் தவறாம போட்டா, வருஷத்துல நூறு பேருக்கு ஒருத்திகூட உண்டாக மாட்டாம்மா. நம்ம ஜனங்க முன்னே பின்னே வர்றதால நாலு பேர் உண்டாயிடறாங்க. இவ மார்ச் பத்தாம் தேதி வந்திருக்கணும். வரல."

"கேட்டீங்களா! கேட்டீங்களாடி எல்லாரும்! மார்ச்..."

நியாலுங்குவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் அவள் தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சோறாக்கி ஊட்டியதும், உடம்பு துடைத்ததும், கட்டிலடியில் கைக்குழந்தையோடு பாயில் படுத்ததும் தவோங்காதான்.

"அங்கேயே போட்டிருக்கலாமே?" என்றாள், அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்ததை அறிந்திருந்த நர்ஸ், மெதுவாக.

"அம்மாவோட புத்தகத்தைத் தூக்கிட்டு ஓடினதுல என்னோடத வீட்டுலயே விட்டுட்டேன், சிஸ்டர். அது இல்லாம அங்கே ஊசி போட மாட்டேன்னுட்டாங்க. திரும்பி வந்தும் மாதவிலக்கு வரல. மருந்து இன்னும் உடம்புல இருக்குன்னு நினைச்சேன்..."

"அது வராமலே கரு தங்கும். நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான்."

"வழி முழுக்க ஏசினேனே... ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"உங்களாலதான்னு நான் எப்படிம்மா சொல்வேன்?"

மருமகள் மாமியார் முன் மண்டியிடுவதுதான் அங்கே முறை. அந்த முறையை ஒருநாளும் விட்டுக்கொடுக்காத நியாலுங்கு, தடியைப் போட்டுவிட்டு, அத்தனை பேர் முன்னிலையிலும் ஒட்டியும் ஒட்டாத அந்தக் காலை மடக்கி மண்டியிட்டாள்.

"ஐயோ, அம்மா! கால்!"

"என் மூத்திரத்தை அள்ளிக் கொட்டினவளைப் பொய்க்காரின்னு சொல்லிட்டேனே... என்னை மன்னிச்சிடு, மகளே!"

தவோங்கா அவளை வாரியணைத்துத் தூக்கினாள். இருவரும் விம்மி விம்மி அழுதார்கள்.

நர்ஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியிலதான். அப்புறம் கைத்தோலுக்கு அடியில கருத்தடைக் குச்சி வச்சுக்கலாம். ஆயிரம் பேர்ல ஒருத்திக்குத் தவறினாலே பெரிசு. வருஷக்கணக்கா தேதியும் பார்க்க வேணாம்."

"ஆஸ்பத்திரியில நான்தான் கூடப் படுப்பேன்!" என்றாள் நியாலுங்கு, தலையை நிமிர்த்தி. "ரெண்டு மாசமானாலும் சரி!"

தவோங்கா அழுகையினூடே சிரித்தாள். "நீங்க குறட்டை விடுவீங்களேம்மா... வார்டே தூங்காதே!"

பெஞ்சு முழுவதும் சிரித்தது. நியாலுங்குவும் சிரித்தபடி மருமகளின் தோளைப் பற்றிக்கொண்டாள்.