பதினாலாம் வரிசை விழுவான்

காலை எட்டே காலுக்குள் ஈரோட்டில் பதினோரு பேர் விழுந்திருந்தார்கள். ஒருவர் பேருந்துப் படியிலிருந்து, ஒருவர் பூக்கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஓர் அம்மாள் கொதிக்கிற எண்ணெயைக் கையில் கொட்டிக்கொண்டு. ஒவ்வொருவரைச் சுற்றியும் ஏழெட்டுப் பேர் கட்டுத்துணியும் கையுமாக உட்கார்ந்து, யார் முதலில் பார்த்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் விழுந்தவர்கள் எழுந்து, ரத்தத்தைத் துடைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் வாசித்துவிட்டு, அடுத்த தெருவில் விழப் போனார்கள்.

இவர்களுக்கு விழுவான் என்று பெயர். பெண்ணாக இருந்தால் விழுவாள். தோலுக்கு அடியில் அறுநூறு உணரிகள் கொண்ட இயந்திரங்கள். தூக்குகிறவர் கழுத்தை இரண்டு பாகை அதிகமாகத் திருப்பினாலும் கண்டுபிடித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிடும்.

எழுபது ஆண்டுகளுக்கு முன் சாலையில் ஒருவன் அடிபட்டால் என்ன நடந்தது என்பதைப் பழைய படங்களில் இன்றும் பார்க்கலாம். பாதிப் பேர் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். மீதிப் பேர் சோடா வாங்கி வந்தார்கள். தீக்காயத்துக்குப் பற்பசை, வெட்டுக்காயத்துக்குக் காப்பித்தூள், வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து. கடைசியில் கை ஒருவர், கால் ஒருவர் என்று பிடித்து ஆட்டோவுக்குள் மடித்துப் போட்டார்கள். விபத்தில் தப்பிய முதுகெலும்பு ஆட்டோவில் ஒடிந்தது.

எத்தனையோ விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தியும் பயனில்லை. பிறகுதான் அரசுக்கு நம் மக்களின் குணம் நினைவுக்கு வந்தது. தேர்வு என்று ஒன்று வைத்து மதிப்பெண் போட்டால் நாம் எதையும் கற்றுக்கொள்வோம். முதலுதவித் தேர்வாணையம் பிறந்தது. வயது வந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நாற்பது காப்புப்புள்ளி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது, கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியாது.

தேர்வு வந்தால் டியூஷன் வராமல் இருக்குமா? தெருவுக்கு இரண்டு வந்தன. விழுவான்களின் இடது காதுக்குப் பின்னால் மின்னேற்றத்துக்காகக் கடுகளவு ஒரு துளை இருப்பதை டியூஷன்காரர்கள் கண்டுபிடித்தார்கள். 'முதலில் சுற்றிலும் ஆபத்து உண்டா என்று பார்' என்றது ஆணையத்தின் பாடப்புத்தகம். 'முதலில் காதுக்குப் பின்னால் பார்' என்றது டியூஷன் கையேடு. துளை இல்லையென்றால் நிஜ மனிதன். நிஜ மனிதனுக்குள் உணரி இல்லை, அதனால் புள்ளியும் இல்லை.

இந்தப் பாடத்திட்டத்தை எழுதியவர் தேர்வாணையத்தின் துணை ஆணையர் நல்லசிவம். ஐம்பத்திரண்டு வயது. மாவட்டத்தின் தேர்ச்சி 98.6 விழுக்காடு என்ற செய்தியைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தார். மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பதினொன்றரை மணி வெயிலில், சந்தைக்கு அருகே நடைமேம்பாலத்தில் விழுவான்கள் ஒழுங்காக விழுகிறார்களா என்று பார்க்க வந்தார். சற்று முன் அங்கே தலைக்காயத் தேர்வை முடித்துக்கொண்டு போன ஒரு விழுவான், படியில் நிறைய ரத்தச்சாறு விட்டுவிட்டுப் போயிருந்தது. நல்லசிவம் அதில் கால் வைத்தார். பதினோரு படிகளை ஒரே மூச்சில் கடந்து கீழே மல்லாந்து கிடந்தார்.

தன் உடம்பை அவரே சோதித்தார். வலது முழங்காலுக்குக் கீழே, வளையக்கூடாத இடத்தில் கால் வளைந்திருந்தது. கழுத்தில் சுள்ளென்ற வலி. இடது கை விரல்கள் மரத்துப் போயிருந்தன. விரல் மரத்தால் கழுத்தெலும்பைச் சந்தேகிக்க வேண்டும், தானாக எழவே கூடாது, தவறாகத் தூக்கினால் ஆயுளுக்கும் நடக்க முடியாமல் போகலாம் என்று நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதியவரே அவர்தான். எழுதும்போது அது வெறும் பக்கமாக இருந்தது. இப்போது அது அவருடைய கழுத்தாக இருந்தது.

தலையை அசைக்காமல், மரக்காத கையால் மணிக்கட்டுப் பேசியை அழுத்தி மீட்பு ஊர்தியைக் கூப்பிட்டார். இனிமையான குரல் ஒன்று சொன்னது: "தங்கள் பகுதியில் முதலுதவித் தேர்ச்சி 98.6 விழுக்காடு. ஆகவே மீட்பு ஊர்திச் சேவை நிறுத்தப்பட்டுள்ளது. அருகிலுள்ள தேர்ச்சியாளரை அணுகவும். நன்றி."

அந்த ஆணைக்குப் பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நல்லசிவம்தான். தன் வினை தன்னைச் சுட்டது. கீழே தரையும் சுட்டது.

நல்லவேளையாக ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் தெய்வானை, பக்கத்துக் கடையில் ரவிக்கை தைப்பவள். மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க அவளுக்கு இன்னும் ஆறு புள்ளி வேண்டும், மாதம் முடிய எட்டு நாள்தான் இருந்தது. பின்னால் கரும்புச்சாறு விற்கும் ராக்கியப்பன். அவருக்கும் பின்னால் டியூஷன் மாஸ்டர் வரதராஜ், தம்மிடம் படிக்கும் இரண்டு வங்கி ஊழியர்களுடன்.

தெய்வானை குனிந்து காதுக்குப் பின்னால் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"நிசமான ஆளுங்க" என்றாள்.

"அட, நல்லாப் பாரு கண்ணு" என்றார் ராக்கியப்பன்.

"பாத்துட்டனுங்ணா. தொளையே இல்லீங்க."

எல்லோரும் 'பாவம்' என்றார்கள். உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். ராக்கியப்பனுக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரு டம்ளர் கரும்புச்சாறாச்சும் குடுத்துட்டுப் போலாமுங்களா?"

"குடுக்கவே கூடாதுங்க" என்றார் மாஸ்டர். "அடிபட்டவனுக்கு வாயில ஒண்ணும் தரக்கூடாது. மூணாவது பாடம், ரெண்டு மார்க்கு. ஆளைப் பாத்தா கழுத்துல அடியாட்ட இருக்குது. நாலு பேராச் சேர்ந்து கட்டை உருட்டல் பண்ணித்தான் தூக்கோணும்."

அவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டு, அவ்வளவு பேரும் திரும்பி நடந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே சுரைக்காய் நன்றாக விளைந்திருந்தது, கறி வைக்கத்தான் ஆளில்லை.

நல்லசிவத்துக்கு முதலில் கோபம் வந்தது. நான் துணை ஆணையர் என்று கத்தலாமா? கத்தினால் பயந்து இன்னும் வேகமாகப் போய்விடுவார்கள். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவருக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. விழுவான்கள் எப்போதும் பாடப்புத்தகத் தமிழில்தான் பேசும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பதினாலாம் வரிசை விழுவான் பேசுகிறேன். முறைகேட்டைத் தடுக்கும் பொருட்டு இவ்வரிசையில் காதுத் துளை நீக்கப்பட்டுள்ளது. காயமுற்றவரைக் கைவிட்டு விலகிச் சென்ற ஐவருக்கும் ஆளுக்கு ஐந்து புள்ளிகள் கழிக்கப்படும்."

ஐந்து பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். அடுத்த நொடி, போன வேகத்தைவிட மூன்று மடங்கு வேகத்தில் திரும்பி வந்தார்கள்.

"கைவிட்டெல்லாம் போகலீங்க! பலகை எடுக்கப் போனமுங்க" என்றார் ராக்கியப்பன். சொன்னபடியே கடைக்கதவுப் பலகையைக் கழற்றி எடுத்து வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்து நல்லசிவமே அசந்துபோனார். தெய்வானை தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் அவர் தலையை நேராகப் பிடித்தாள். தலைக்கு ஆறு புள்ளி, காலுக்கு இரண்டுதான் என்பதால் மாஸ்டர் அந்த இடத்துக்குப் போட்டிக்கு வந்தார். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்ததும் காலுக்கே போய்விட்டார். ஒடிந்த காலை நிமிர்த்தப் பார்க்காமல், கிடந்தபடியே இரண்டு பக்கமும் இரண்டு கரும்பை வைத்து, நடுவில் துணியைத் திணித்து, ஒடிந்த இடத்துக்கு மேலும் கீழும் கட்டினார்கள். கால் விரல் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள். வலி தாங்காமல் நல்லசிவம் அலறினார்.

"எப்புடிப் பண்ணி வெச்சிருக்கறாங்க பாருங்க, கண்ணுல தண்ணியே வருது" என்று ஒரு வங்கி ஊழியர் வியந்தார்.

"எல்லாரும் என்ற குரலுக்குத்தான் உருட்டோணும்" என்றாள் தெய்வானை. "தலை, தோளு, இடுப்பு, காலு, எல்லாம் ஒண்ணாத் திரும்போணும். ஒண்ணு, ரெண்டு, மூணு!"

ஐந்து பேரின் பத்துக் கைகளும் ஒரு கைபோல வேலை செய்தன. நல்லசிவத்தின் உடம்பு ஒரு மரக்கட்டைபோல ஒரே துண்டாகத் திரும்பி, கீழே நுழைத்த பலகையில் ஒரே துண்டாகப் படிந்தது. தலைக்கு இரண்டு பக்கமும் துணிச்சுருள் வைத்துக் கட்டினார்கள். மாஸ்டர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"ஆச்சுங்க. மார்க்கைச் சொல்லுங்க, கடைக்கெல்லாம் ஆள் வந்துரும்."

நல்லசிவத்துக்குப் பகீரென்றது. மதிப்பெண் சொன்னால் தேர்வு முடிந்தது. தேர்வு முடிந்தால் விழுவான் எழுந்து போய்விடும். அவர் எழுந்து எங்கே போவது?

"தேர்வு முடியவில்லை" என்றார். "இரண்டாம் தாள், காயமுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தல். மதிப்பெண்கள் அங்கே அறிவிக்கப்படும்."

"ரெண்டாம் தாளா!" மாஸ்டர் கொதித்தார். "அது சிலபஸ்லயே இல்லீங்களே! பாடத்திட்டத்துல இல்லாத கேள்விக்குக் கருணை மதிப்பெண் குடுக்கோணுமுங்க."

"தாளை எழுத மறுப்போருக்குப் பத்துப் புள்ளிகள் கழிக்கப்படும்."

பலகை உயர்ந்தது. அரை மைல் தூரம். நால்வர் தூக்க, தெய்வானை கூடவே நடந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். சாலை மேட்டில் ஏறும்போது கால்பக்கத்தைத் தாழ்த்தாமல் தூக்கிப் பிடித்தார்கள், குழி வந்தால் முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவருக்குச் சொன்னார். வெயில் முகத்தில் விழாமல் தெய்வானை தன் முந்தானையால் மறைத்தாள். அதற்குப் புள்ளி எதுவும் கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் வாசற்கருவி நாடித்துடிப்பைப் படித்துவிட்டு, "மனிதர், ஆண், எலும்பு முறிவு" என்றது. நர்ஸ் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மனுசனா?" என்றார் ராக்கியப்பன். அவர் பிடித்திருந்த மூலை ஆடியது.

இனி மறைக்க முடியாது. நல்லசிவம் தான் யார் என்பதைச் சொன்னார். ஒரு புள்ளிகூடத் தர விதியில் இடமில்லை என்பதையும் சொன்னார்.

"மோசடிங்க இது! இறக்குங்க கீழே" என்றார் மாஸ்டர்.

"யாரும் கையை எடுக்கக் கூடாது!" தெய்வானை போட்ட சத்தத்தில் நர்ஸே நின்றுவிட்டாள். "கட்டலுக்கு நாலு அடிதான் இருக்குது. இப்ப உட்டா கழுத்துப் போயிருமுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு!"

கட்டிலில் படிந்த பிறகுதான் அவள் கையை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது.

"புள்ளி இல்லீன்னு முன்னாலயே சொல்லியிருக்கலாமில்லீங்க? என்ற புள்ளைக்கு எடம் போகுதுங்களே."

"சொல்லியிருந்தா தூக்கியிருப்பியாம்மா?" என்றார் நல்லசிவம்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. கேட்டவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

கழுத்தெலும்பில் மெல்லிய விரிசல். தூக்கியவர்கள் ஒரு விரற்கடை தவறியிருந்தாலும் இவர் இனி எழுந்திருக்கவே முடியாது என்றார் மருத்துவர். அன்றிரவே நல்லசிவம் படுத்தபடி ஓர் அவசர ஆணையைச் சொல்லி எழுதவைத்தார். இனி நிஜ மனிதருக்குச் செய்யும் முதலுதவிக்கும் புள்ளி உண்டு, விழுவானுக்குத் தருவதைப் போல இரண்டு மடங்கு. மனிதாபிமானத்தை மீட்ட மாமனிதர் என்று செய்திகள் புகழ்ந்தன. பள்ளிச் சேர்க்கையின் கடைசித் தேதியையும் ஜூன் முடிய நீட்டச் சொன்னார்.

ஐந்து வாரம் கழித்துக் கழுத்தில் பட்டையும் காலில் மாவுக்கட்டுமாக, இரண்டு ஊன்றுகோல்களை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். மாவட்டத்தில் வழுக்கி விழுந்தவர்களின் எண்ணிக்கை அந்த ஐந்து வாரத்தில் ஒன்பது மடங்காகியிருந்தது. பதிவாகாமல் இருந்ததெல்லாம் இப்போது பதிவாகிறது என்று அவர் விளக்கம் எழுதி அனுப்பியிருந்தார்.

வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் பலகை, கட்டுத்துணி, துணிச்சுருள். மாஸ்டர் தம் மாணவர்களை இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தார். ராக்கியப்பன் நடைபாதையைப் பளபளவென்று கழுவிவிட்டு, இன்னும் ஒரு வாளி தண்ணீரைத் தயாராக வைத்திருந்தார். தன்னைப் பார்க்க இத்தனை பேரா என்று நல்லசிவம் பூரித்துப்போனார். இரண்டு அடி நடந்தார். நாற்பது பேரும் இரண்டு அடி நடந்தார்கள். அவர் ஊன்றுகோல் ஈரத்தில் லேசாக வழுக்கியது. நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் சமாளித்து நின்றதும் நாற்பது பேரும் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சு நிம்மதியில் வந்ததாகத் தெரியவில்லை.

தெய்வானை கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் அருகில் வந்தாள். நாளையோடு ஜூன் முடிகிறது, அவளுக்குப் புள்ளி இன்னும் சேரவில்லை. அவள் குரல் அன்றைக்கு முந்தானையால் வெயிலை மறைத்தபோது இருந்ததைப் போலவே கனிவாக இருந்தது.

"ஒண்ணும் பயப்படாதீங்க. அந்தப் பக்கம் கத்துக்குட்டிகளா நிக்கறாங்க. இப்படி என்ற பக்கமாச் சாஞ்சுருங்க, தலையை நான் புடிச்சுக்கறேன்."