தட்டில் ஏறிய நிறம்

டிவிடி பிளேயருக்குள் போன தட்டு, போனபடியே திரும்பி வரவில்லை. முதல் தடவை அதை அவள் கண் கோளாறு என்றுதான் நினைத்தாள். கணினியில் எழுதிய தட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால், எழுதிய பகுதி மட்டும் சற்றுக் கருத்து, நடு ஓட்டையைச் சுற்றி வளையமாகத் தெரியும். மீதியெல்லாம் வெளிறிய ஊதா நிறத்தில் பளபளவென்று கிடக்கும். தம்பியின் வீடியோ சின்னது. அதற்கு நகக்கீற்று அகல வளையமே அதிகம். இப்போது வளையம் அரை விரல் அகலம் இருந்தது. அந்தப் பிளேயரோ பழைய பெட்டி, படிக்க மட்டுமே தெரிந்தது. எழுதுகிற வசதியே அதற்குக் கிடையாது.

அப்பாவுக்கு ஞாபகம் கரைந்துகொண்டிருந்தது. போன வாரம் சுவரில் இருந்த தம்பியின் படத்தைப் பார்த்து, "யாரும்மா இந்தப் பையன்?" என்று கேட்டார். பெற்ற பிள்ளை, விபத்தில் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவன் ஆடி ஓடுவதைக் காட்டுங்கள், குரலோடு காட்டுங்கள், ஏதாவது ஒட்டிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். கணினித் திரையில் காட்டியபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் படம் என்றால் கூடத்து டிவி, அதன் கீழே இருக்கும் பிளேயர், எதிரே அவருடைய நாற்காலி. அதனால்தான் இந்தத் தட்டு எழுதுகிற வேலையில் இறங்கினாள். இறங்கியதிலிருந்து தலைவலிதான்.

காலையில் மகள் ஒரு காலில் ஷூவோடு நொண்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். ஏழு வயசு, முன்பல் விழுந்த வாய். வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு.

"அம்மா, மாமா வந்தாச்சா டிவில?"

"வருவார், வருவார். நீ முதல்ல கிளம்பு, வேன்காரர் ஹாரன் அடிச்சே ஊரைக் கூட்டறார்."

வாண்டு போனதும் அவள் தட்டு வாங்கின கடைக்காரருக்குப் போன் போட்டு, பிளேயர் தட்டைப் படிக்கவே மாட்டேன் என்கிறது என்றாள்.

"ஃபைலா போட்டிருப்பீங்கக்கா. வீடியோ டிவிடியா போட்டாதான் பிளேயர் படிக்கும்."

"அப்படித்தாங்க போட்டேன்."

"வேகத்தைக் குறைச்சு எழுதினீங்களா?"

"அதைவிட மெதுவா எழுத அதுல வழியே இல்லை."

"கடைசியில ஃபைனலைஸ் பண்ணி எழுத்தை மூடணும். பண்ணாட்டி உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் ஓடும்."

"பண்ணிட்டேங்க. எத்தனை வாட்டிதான் பண்றது?"

"அப்ப மைனஸ் போட்ட தட்டுல எழுதிப் பாருங்க. பழைய பிளேயருக்குப் பிளஸ் ஒத்துக்காது."

அவள் தயங்கினாள். "ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. பிளேயர்ல போட்டா தட்டுல ஏதாவது எழுத்து ஏறுமா? அதுவும் ஃபைனலைஸ் பண்ணின தட்டுல?"

அவர் சிரித்தே விட்டார். "நாம டிவியப் பாக்கறோம். டிவி நம்மளப் பாக்குமாக்கா?"

மைனஸ் தட்டும் வீட்டில் இருந்தது. பொறுமையாக எழுதி, கைரேகை படாமல் விளிம்பைப் பிடித்து எடுத்து வந்து போட்டாள். தட்டு உள்ளே சுழலும் சரசரப்பும், படிக்கிற கண்ணாடி இடம் தெரியாமல் முன்னும் பின்னும் தடவுகிற டிக் டிக் சத்தமும், சூடேறிய தூசியின் வாடையும், பின்னால் அப்பாவின் சீரான மூச்சும் சேர்ந்து அந்தக் கூடத்தையே நிறைத்தன. திரை நீலமானது, அதில் எழுத்து வந்தது. நோ டிஸ்க். எடுத்துத் துடைத்துப் போட்டாள். நோ டிஸ்க். கண்ணெதிரே முழுங்கிவிட்டு இல்லை என்கிறதே, இதற்கு வெட்கம் மானம் கிடையாதா என்று பெட்டியின் தலையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அப்பா, கொஞ்சம் பொறுங்க. அதுவரைக்கும் அந்த சைக்கிள் கதையச் சொல்லுங்களேன்."

தம்பிக்கு சைக்கிள் பழக்கிய கதை. யாரை மறந்தாலும் அதை மட்டும் அவர் தினம் சொல்வார். இன்றைக்குக் காப்பி குடிக்கும்போதுகூடச் சொன்னார்.

"எந்த சைக்கிள்?" என்றார் அப்பா. அவர் டிவியைப் பார்க்கவில்லை. பிளேயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தட்டை எடுத்துத் திருப்பினாள். வளையம் பாதித் தட்டுக்கு வந்திருந்தது.

பின்னறைக்குக் கொண்டுபோய்க் கணினியில் போட்டாள். தம்பி வந்தான், கேக்கை முகத்தில் பூசிக்கொண்டு கும்மாளம் போட்டான், "போதும் நிறுத்துக்கா" என்றான். வீடியோ அங்கே முடிய வேண்டும். முடியவில்லை. கொஞ்ச நேரம் இருட்டு. பிறகு வெயில் அடிக்கிற ஒரு சந்து. ஒரு சின்னப் பையன் சைக்கிளில் ஆடிக்கொண்டு போனான். சீட்டை ஒரு கை பிடித்திருந்தது; தோல் பட்டைக் கடிகாரம் கட்டிய, முடி அடர்ந்த கை. கை விட்டது. பையன் சாக்கடையில் விழுந்தான். சிரிப்புச் சத்தம் கேட்டது, மிகக் கிட்டத்தில், பார்க்கிறவரே சிரிப்பதுபோல.

அந்த நாளில் வீட்டில் கேமரா கிடையாது.

அடுத்து, ஜன்னலோரம் தலை துவட்டிக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி திரும்பினாள். "என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்று வெட்கப்பட்டாள். அம்மா. செத்துப்போன அம்மா, இருபது வயதில். அவளுக்கு ஒரு நிமிடம் பயமே வரவில்லை. சந்தோஷத்தில் திரையைத் தொட்டாள். இதெல்லாம் அப்பாவின் கண் பார்த்தது என்று அப்புறம்தான் உறைத்தது. எழுந்து கூடத்துக்கு ஓடினாள்.

"அப்பா, அம்மாவ ஞாபகம் இருக்கா?"

"யாரோட அம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார் அப்பா.

அவரைக் கைத்தாங்கலாக உள்ளறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, கதவைச் சாத்தினாள். இனி அந்தப் பெட்டியின் எதிரே அவர் உட்காரக் கூடாது. ஆனால் போனதையெல்லாம் எப்படியாவது திரும்ப வாங்கியாக வேண்டும். தட்டில் இருக்கிறதே! ஒரே ஒரு தடவை அது ஓடிவிட்டால், தூர இருந்தே அவருக்குக் காட்டிவிட்டால் போதும். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பிளேயரின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள், முகம் அதன் மேலேயே இருந்தது.

தட்டைத் தள்ளினாள். நோ டிஸ்க்.

ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். நோ டிஸ்க்.

டிக். டிக். தடவுகிற சத்தம்.

ஈரத்துணியால் துடைத்தாள். காய வைத்தாள். தள்ளினாள்.

நோ டிஸ்க்.

நெற்றிக்குள் எங்கோ லேசாகக் கூசியது. பசியாக இருக்கும். மறுபடி தள்ளினாள்.

டிக்.

எத்தனை நேரம் போனதோ, வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது. தட்டை எடுத்துத் திருப்பினாள். ஊதாவே இல்லை. விளிம்பு வரை கறுப்பு.

கணினிக்குப் போனாள். ஓட்டினாள். கேக். சைக்கிள். ஜன்னல். அதற்கப்புறம் வேறு கை. மெலிந்த கை. அதில் இருந்த கடிகாரம் அவள் கையிலும் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில். துணியில் சுற்றிய சிசு. விரலைப் பிடித்த குட்டிக் கை. காய்ச்சலில் மடியில் சுருண்ட குழந்தை. விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டிய சிறுமி. கடைசியாக, மிகக் கிட்டத்தில் ஒரு பழைய பிளேயர், கதவைச் சாத்துகிற கை, அழுகை. யாருடைய வீடோ, யாருடைய பெண்ணோ, துறுதுறுவென்று நன்றாகத்தான் இருந்தாள். எதற்காக இதைப் பார்க்க உட்கார்ந்தோம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நிறுத்திவிட்டு எழுந்தாள்.

வாசலில் வேன் சத்தம். கேட் திறந்தது. பையைத் தொப்பென்று போட்டுவிட்டு ஒரு சிறுமி ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தலையில் வேர்வை வாடை.

"அம்மா, பசிக்குது."

அவளுடைய கைகள் அந்தரத்திலேயே நின்றன. கூச்சமாக இருந்தது.

"யார் வீட்டுப் பொண்ணும்மா நீ? வீடு மாறி வந்துட்டியா?"

சிறுமி விளையாட்டு என்று சிரித்தாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அம்மா... நான்தாம்மா. வாண்டு."

பாவம், பயந்துவிட்டது. அவள் அதன் கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிப்போய், டிவிக்கு எதிரே, பிளேயரை ஒட்டித் தரையில் உட்கார வைத்தாள்.

"அழாதே கண்ணு. உங்க அம்மா தேடிட்டு வந்துடுவாங்க. அதுவரைக்கும் ஏதாவது படம் பாரு, என்ன?"

டப்பாவில் எழுதாத தட்டு ஒன்று மிச்சமிருந்தது. எழுதியதா எழுதாததா என்று பார்க்காமலே உள்ளே தள்ளினாள். சரசரவென்று சுற்ற ஆரம்பித்தது. திரை நீலமாயிற்று. குழந்தைக்குத் தின்ன ஏதாவது கொண்டுவரலாம் என்று அவள் சமையலறைக்குப் போனாள். கூடத்திலிருந்து "அம்மா, அம்மா" என்று ஒரே அழுகை. இடையிடையே டிக் டிக் என்றது. பிறகு அம்மா என்கிற சொல் வரவில்லை, விம்மல் மட்டும் வந்தது. சற்று நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது.